ஆங்கிலத் திருமறையின் இறந்தகால வினைவடிவங்கள்: ஒரு வரலாற்று நோக்கு

நம்முடைய இறையியல் கல்லூரிகளில் பயிலும் மாணவர் பலர் தமிழ்வழியில் கற்று வந்தவர்கள். எபிரேயமும் கிரேக்கமும் அவர்களுக்குப் புதியவை. ஆயினும் அவ்விரு மொழிகளுக்கும் செல்லும் வாயில் பெரும்பாலும் ஆங்கிலமாகவே அமைந்துவிடுகிறது. விளக்கவுரைகளில் பல ஆங்கிலத்தில் உள்ளன. அருளுரைக்கு ஆயத்தம் செய்யும் போதகரின் மேசைமீது தமிழ்த் திருமறையை அடுத்து ஓர் ஆங்கிலத் திருமறையும் விரிந்து கிடப்பதைக் காண்கிறோம். ஆகவே, ஆங்கில வினைச்சொற்களின் இறந்தகால வடிவங்கள் எவ்வாறு தோன்றின, எவ்வாறு மாறின என்பதை அறிவது வெறும் மொழியாராய்ச்சி அன்று; திருமறையைப் பொருள் பிறழாமல் எடுத்துரைக்கும் கடமையோடு நெருங்கிய தொடர்புடையதாகும்.

ஓர் எடுத்துக்காட்டை முதற்கண் நோக்குவோம். 1611-இல் வெளிவந்த ஜேம்ஸ் அரசர் மொழிபெயர்ப்பில் எபேசியர் 2:8, உரோமர் 8:24, 1 கொரிந்தியர் 1:18 ஆகிய மூன்று இடங்களிலும் இரட்சிப்பைக் குறிக்க ‘ஆர்’ என்னும் துணைவினையும் ‘சேவ்ட்’ என்னும் எச்சமும் சேர்ந்த ஒரே வடிவம் வருகிறது. ஆனால் கிரேக்க மூலத்தில் பவுல் இம்மூன்று இடங்களிலும் மூன்று வெவ்வேறு காலங்களை ஆண்டிருக்கிறார். எபேசியரில் உள்ளது நிறைவுகாலம். உரோமரில் உள்ளது ‘ஏயரிஸ்ட்’ எனப்படும் பொது இறந்தகாலம். கொரிந்தியரில் உள்ளது நிகழ்கால எச்சம். மூன்று வேறுபட்ட கருத்துகள் ஆங்கிலத்தில் ஓருருவாய் நிற்பதேன்? மொழிபெயர்த்தோர் கிரேக்கம் அறியாதவரோ? அல்லர், அவர்கள் அக்காலத்தின் சிறந்த மொழிவல்லுநர்கள். விடை அவர்கள் கையாண்ட ஆங்கில மொழியின் வரலாற்றில் உள்ளது.

1. வல்வினையும் மெல்வினையும்

ஆங்கில வினைக்குப் பொதுவாக மூன்று வடிவங்கள் கூறப்படும்: நிகழ்காலம், இறந்தகால முற்று, இறந்தகால எச்சம். ‘எழுதினான்’ என்பது முற்று. ‘எழுதப்பட்ட’ என்பது எச்சம் என்று நாம் ஒருவாறு ஒப்பிட்டு உணரலாம். இவ்வடிவங்களை ஆக்கும் முறைகள் இரண்டு. ஒன்று, வினையின் உள்ளிருக்கும் உயிரொலியை மாற்றுவது: ‘சிங்’, ‘சேங்’, ‘சங்’ என்றாற்போல. மற்றொன்று, வினையின் இறுதியில் ‘ட்’ அல்லது ‘டு’ என ஒலிக்கும் விகுதியைச் சேர்ப்பது: ‘சேவ்’, ‘சேவ்ட்’ என்றாற்போல. செர்மானிய மொழிகளுக்கெல்லாம் பொதுவான இவ்விரு முறைகளுக்கும் முறையே ‘வலியது’, ‘மெலியது’ எனப் பொருள்படும் பெயர்களை வழங்கியவர் செர்மானிய இலக்கணப் பேரறிஞர் யாக்கோபு கிரிம். அவருடைய செர்மானிய இலக்கணத்தின் முதற்பகுதி 1819-இல் வெளிவந்தது. நாம் அவற்றை வல்வினை, மெல்வினை எனக் குறிப்போம்.

கி.பி. 1066-இல் நார்மானியர் இங்கிலாந்தைக் கைப்பற்றுவதற்குமுன் வழங்கிய பழைய ஆங்கிலத்தில் வல்வினைகள் 300-க்கு மேல் இருந்தன. அவற்றுள் இன்றளவும் வல்வினையாகவே நிலைத்திருப்பவை ஏறத்தாழ 70 மட்டுமே. பழைய ஆங்கிலத்தில் இறந்தகால முற்றும் ஒருமைக்கு ஒரு வடிவம், பன்மைக்கு ஒரு வடிவம் என இரண்டாக இருந்தது. நான் பாடினேன் என்பதற்கு ‘சாங்’ என்றும், நாங்கள் பாடினோம் என்பதற்கு ‘சுங்கோன்’ என்றும் உயிரொலி வேறுபட்டது. இவ்வேறுபாடு பிற்காலத்தில் தேய்ந்து மறைந்தது. இன்று ‘வாஸ்’, ‘வேர்’ என்னும் இரட்டையில் மட்டும் அதன் எச்சம் உயிரோடிருக்கிறது.

நார்மானிய ஆட்சியில் அரசவையும் நீதிமன்றமும் பிரெஞ்சு மொழிக்கு இடங்கொடுத்தன. ஆங்கிலம் உழவர் வீட்டிலும் சந்தையிலும் பெரிதும் வாய்மொழியாக வாழ்ந்தது. அரிய வடிவங்கள் பல அக்காலத்தில் மறக்கப்பட்டன. அதனோடு, பிரெஞ்சிலிருந்தும் இலத்தீனிலிருந்தும் வந்து குடியேறிய வினைகள் ஏறக்குறைய அனைத்தும் மெல்வினை விகுதியையே ஏற்றன. இறையியல் மாணவர் இதனை ஊன்றிக் கவனித்தல் வேண்டும். இரட்சித்தலைக் குறிக்கும் ‘சேவ்’, நீதிமானாக்குதலைக் குறிக்கும் ‘ஜஸ்டிஃபை’, பரிசுத்தமாக்குதலைக் குறிக்கும் ‘சாங்டிஃபை’, மீட்டலைக் குறிக்கும் ‘ரிடீம்’ ஆகிய நான்கும் இவ்வாறு வந்த சொற்களே. இவற்றின் முற்றும் எச்சமும் ஒரே வடிவின. மாறாக, மன்னித்தலைக் குறிக்கும் ‘ஃபர்கிவ்’, தெரிந்துகொள்ளுதலைக் குறிக்கும் ‘சூஸ்’, எழுதலைக் குறிக்கும் ‘ரைஸ்’ என்பன நாட்டுச் சொற்கள், வல்வினைகள். ஆகவே ‘ஃபர்கேவ்’, ‘ஃபர்கிவன்’ என அவற்றின் முற்றும் எச்சமும் வேறுபட்டு நிற்கின்றன.

நிசேயா விசுவாச அறிக்கையின் ஆங்கில வடிவில் இவ்விரு குலங்களும் அருகருகே நிற்பதைக் காணலாம். கி.பி. 325-இல் கூடிய நிசேயா சங்கம், குமாரன் பிதாவினால் ஜநிப்பிக்கப்பட்டவரேயன்றி உண்டாக்கப்பட்டவர் அல்லர் என ஆரியுவின் போதனைக்கு எதிராக அறிக்கையிட்டது. ஆங்கிலத்தில் அவ்விரு சொற்களும் ‘பிகாட்டன்’, ‘மேட்’ என்னும் இறந்தகால எச்சங்களாம். முன்னது வல்வினை, பின்னது ‘மேக்கெட்’ என்று இருந்து, இடையொலி தேய்ந்து சுருங்கிய மெல்வினை. திருச்சபையின் மாபெரும் வழக்கொன்று ஆங்கிலத்தில் இரண்டு எச்சவினைகளின் மேல் நிற்கிறது எனலாம்.

2. டிண்டேலின் சொல்லும் 1611-இன் ஏடும்

வில்லியம் டிண்டேல் கிரேக்கத்திலிருந்து மொழிபெயர்த்த புதிய ஏற்பாடு 1526-இல் செர்மனியின் வோர்ம்ஸ் நகரில் அச்சாகி, இங்கிலாந்துக்கு மறைவாகக் கொண்டுசெல்லப்பட்டது. அவர் 1536-இல் வில்வோர்டில் கொல்லப்பட்டார். எனினும் அவருடைய சொற்கள் அவரோடு மடியவில்லை. 1611-இன் மொழிபெயர்ப்பாளர், 1568-இல் வெளிவந்த பேராயர்களின் திருமறையை அடிப்படையாகக் கொண்டு, மூலம் அனுமதிக்கும் அளவுக்கு அதனைக் குறைவாகவே மாற்றவேண்டும் எனப் பணிக்கப்பட்டிருந்தனர். அப்பழைய திருமறையோ டிண்டேலின் தொடர்களைப் பெரிதும் தன்னுள் கொண்டிருந்தது. எனவே 1611-இன் வினைவடிவங்கள் பல அவ்வாண்டின் பேச்சுமொழியன்று. எண்பது ஆண்டுகளுக்கு முற்பட்ட மொழியாகும்.

பேசினான் என்பதற்கு அதில் வரும் ‘ஸ்பேக்’ என்னும் வடிவம் இதற்குத் தக்க சான்று. அது பழைய ஒருமை வடிவத்தின் வழிவந்தது. ‘ஸ்போக்கன்’ என்னும் எச்சத்தின் உயிரொலி முற்றுக்கும் பரவியபோது ‘ஸ்போக்’ என்பது தோன்றி, ‘ஸ்பேக்’கை மெல்ல வழக்கிலிருந்து தள்ளியது. ஷேக்ஸ்பியரின் நாடகங்களில் இரண்டையும் காண்கிறோம். மத்தேயு முதல் அதிகாரத்தின் வம்சவரலாற்றில் 39 முறை ஒலிக்கும் ‘பிகேட்’ என்பதும் இத்தகைய பழைய முற்றே.

ஒரே மொழிபெயர்ப்புக்குள் பழையதும் புதியதும் ஒருங்கே வாழ்வதும் உண்டு. உதவிசெய்தலைக் குறிக்கும் ‘ஹெல்ப்’ பண்டு வல்வினை. அதன் எச்சம் ‘ஹோல்பென்’. மரியாளின் பாடலில், லூக்கா 1:54-இல், 1611-இன் மொழிபெயர்ப்பாளர் இப்பழைய வடிவத்தையே வைத்தனர். ஆனால் சாமுவேல் எபெனேசர் கல்லை நிறுத்தும் 1 சாமுவேல் 7:12-இல் ‘ஹெல்ப்ட்’ என்னும் புதிய வடிவத்தை இட்டனர். கர்த்தர் உதவினார் என்னும் ஒரே செய்தியை ஓரிடத்தில் பாட்டன் மொழியிலும், மற்றோரிடத்தில் பேரன் மொழியிலும் கேட்கிறோம். தமிழிலும் ‘புக்கான்’ என்பது ‘புகுந்தான்’ என்பதற்கு இடம்விட்டதை நினைவுகூர்ந்தால் இது நமக்கு வியப்பாகாது. மரியாளின் பாடல் பொது ஜெபப் புத்தகத்தின் வழியாக ஆங்கிலிக்கன் திருச்சபையின் மாலை ஆராதனையில் இடம்பெற்றதால், பேச்சில் மடிந்த ‘ஹோல்பென்’ ஆலயத்தில் நெடுங்காலம் உயிர்த்திருந்தது.

மெல்வினையாதல் ஒன்றே மாற்றத்தின் வழி என்று எண்ணுதலும் தவறு. ஈசாக்கின் ஊழியர் துரவு தோண்டிய வரலாற்றை ஆதியாகமம் 26 கூறுகிறது. தோண்டினார்கள் என்பதற்கு 1611-இன் வடிவம் ‘டிக்ட்’ என்னும் மெல்வினை. இன்று வழங்கும் ‘டக்’ என்பது பிற்காலத்தில் பிற வல்வினைகளைப் பார்த்து எழுந்தது. ஆகவே, ஒழுங்கற்றவை யாவும் பழமையானவை, ஒழுங்கானவை யாவும் புதியவை என்று ஒரு விதி வகுக்க இயலாது. ஒவ்வொரு சொல்லுக்கும் தனித்தனி வரலாறு உண்டு.

இங்கே போதகர் தவறக்கூடிய ஓரிடத்தைச் சுட்டுதல் நலம். அவர்கள் சாப்பிட்டார்கள் என்பதற்கு 1611-இல் ‘டிட் ஈட்’ என்று பல இடங்களில் வருகிறது. இன்றைய ஆங்கிலத்தில் இவ்வடிவம் அழுத்தத்தைக் காட்டும்: மெய்யாகவே சாப்பிட்டார்கள் என்பது போல. அன்றைய ஆங்கிலத்திலோ அது எவ்வித அழுத்தமுமற்ற எளிய இறந்தகாலம். ஐயாயிரம் பேரைப் போஷித்த அற்புதத்தில், உண்மையாகவே உண்டார்கள் என்று சுவிசேஷகர் வற்புறுத்துகிறார் என இவ்வடிவத்தை ஆதாரமாகக் கொண்டு பேசினால், சுவிசேஷகர் சொல்லாததை நாம் சொன்னவர்களாவோம். அற்புதத்தின் மெய்ம்மைக்கு இத்தகைய முட்டுக்கோல் தேவையில்லை.

3. இலக்கணம் வகுத்த குருமார்

பதினெட்டாம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்கு வரம்பு கட்ட முற்பட்டோருள் திருச்சபைக் குருமாருக்குச் சிறப்பான இடமுண்டு. அயர்லாந்துத் திருச்சபையின் குருவான ஜானதன் ஸ்விஃப்ட், 1712-இல் வெளியிட்ட ஒரு முன்மொழிவில், இறந்தகால விகுதியின் உயிரொலியைக் கவிஞர்களும் பிறரும் விழுங்கிவிடுவதைக் கடிந்துகொண்டார். முன்னாளில் அவ்விகுதி தனி அசையாக ஒலித்தது. அவர் தடுக்க விரும்பிய மாற்றம் தடையின்றி நடந்தேறியது. பாக்கியமுள்ள என்னும் பொருளில் ‘பிளெஸ்ஸெட்’ என்று ஈரசையாக இன்றும் ஆராதனையில் வாசிப்பது அப்பழைய ஒலிப்பின் எஞ்சிய அடையாளம்.

அவரினும் நமக்கு நெருங்கியவர் இராபர்ட் லௌத். எபிரேயக் கவிதையின் இணைவரி அமைப்பை விளக்கிக் காட்டிய அறிஞர் என அவரைப் பழைய ஏற்பாட்டு வகுப்பில் அறிகிறோம். எபிரேயரின் திருக்கவிதை குறித்த அவருடைய இலத்தீன் விரிவுரைகள் 1753-இல் வெளிவந்தன. அதே லௌத் 1762-இல் ஆங்கிலத்துக்கு ஒரு சிற்றிலக்கணம் எழுதினார் என்பதைப் பலர் அறியார். அவர் பின்னர் ஆக்ஸ்போர்டுக்கும் இலண்டனுக்கும் பேராயரானார். எச்சம் வரவேண்டிய இடத்தில் முற்றை வைப்பது பிழை என்பது அவ்விலக்கணத்தின் முக்கியமான கண்டனங்களுள் ஒன்று. ‘ஹாவ் ரிட்டன்’ என்னாமல் ‘ஹாவ் ரோட்’ என எழுதுவது அக்காலத்தில் கற்றோரிடையேயும் பெருவழக்கு. மில்ற்றன் போன்ற பெரும்புலவரிடமும் லௌத் இத்தகைய பிழைகளை எடுத்துக்காட்டினார்.

இதில் நாம் கற்பது யாது? இன்று மாணவர் மனப்பாடம் செய்யும் மூவடிவப் பட்டியல் தொன்றுதொட்டு அசையாமல் நின்றதன்று. முற்றும் எச்சமும் நூற்றாண்டுகளாக ஒன்றோடொன்று கலந்து போராடின. அப்போராட்டத்தின் ஒரு கட்டத்தில் கோடு கிழிக்கப்பட்டது. அப்பட்டியலில் தடுமாறி வெட்கமடையும் மாணவன், மில்ற்றனும் அங்கே தடுமாறியதாகத் தீர்ப்புப் பெற்றவர் என்பதை எண்ணி ஆறுதலடையலாம்.

4. ‘எழுந்தார்’ என்பதும் ‘எழுப்பப்பட்டார்’ என்பதும்

கல்லறையில் தூதன் கூறிய செய்தியை மத்தேயு 28:6-இல் 1611-இன் மொழிபெயர்ப்பு ‘இஸ் ரிஸன்’ என்னும் வடிவத்தால் தருகிறது. ‘இஸ்’ என்பது நிகழ்காலத் துணைவினையாதலால், ஆண்டவர் இப்பொழுதும் உயிர்த்தவராக இருக்கிறார் என்னும் தனிப்பொருள் இவ்வடிவத்தில் அடங்கியிருக்கிறது என ஈஸ்டர் அருளுரைகளில் கூறக் கேட்கிறோம். கருத்து முற்றிலும் மெய்யே; ஆனால் இவ்வடிவம் அதற்குச் சான்றாகாது. பழைய ஆங்கிலத்தில், செல்லுதல், வருதல், எழுதல், விழுதல் முதலிய இயக்க வினைகள் நிறைவுகாலத்துக்கு ‘ஹாவ்’ என்னும் துணைவினையை ஏற்காமல் ‘இஸ்’ என்பதையே ஏற்றன. செர்மன் மொழியில் இன்றும் இவ்வழக்கே உள்ளது. ஐசக் வாட்ஸ் 1719-இல் வெளியிட்ட பாடலில், கர்த்தர் வந்தார் என்பதற்கு ‘இஸ் கம்’ என்று வருவதும் இதனாலேயே. பதினெட்டு, பத்தொன்பதாம் நூற்றாண்டுகளில் ‘ஹாவ்’ இவ்விடங்களையும் கைக்கொண்டது. திருத்திய நியம மொழிபெயர்ப்பின் புதிய ஏற்பாடு 1946-இல் வெளிவந்தபோது மத்தேயு 28:6 ‘ஹாஸ் ரிஸன்’ என்றாயிற்று. கிரேக்கத்தில் இங்குள்ளதோ பொது இறந்தகாலம். தமிழ்த் திருமறை ‘உயிர்த்தெழுந்தார்’ என எளிய இறந்தகாலத்தில் கூறுவது மூலத்தோடு நன்கு இசைகின்றது.

மூலத்தில் நிறைவுகாலம் உள்ள இடம் வேறு. 1 கொரிந்தியர் 15-இல் பவுல், கிறிஸ்து மரித்தார், அடக்கம்பண்ணப்பட்டார் என்பவற்றைப் பொது இறந்தகாலத்தில் கூறி, நான்காம் வசனத்தில் உயிர்த்தெழுதலை மட்டும் நிறைவுகாலத்தில் கூறுகிறார். நடந்து முடிந்ததும், பயன் நிலைத்திருப்பதும் என்பது அக்காலத்தின் பொருள். ஈஸ்டர் போதகர் தேடிய கருத்து இங்கேதான் இருக்கிறது. ஆனால் 1611-இன் மொழிபெயர்ப்பு இவ்விடத்தில் ‘ரோஸ்’ என்னும் எளிய முற்றை இட்டதால் அது ஆங்கிலத்தில் மறைந்துபோயிற்று. இல்லாத இடத்தில் தேடி, இருக்கும் இடத்தைக் கடந்துபோகிறோம்!

மேலும் ஒன்று. ‘ரைஸ்’ என்பது தன்வினை, வல்வினை. ‘ரெய்ஸ்’ என்பது பிறவினை, மெல்வினை. நம் மொழியில் ‘எழு’, ‘எழுப்பு’ என்பவை போன்றவை இவை. 1881-இல் வெளிவந்த திருத்திய புதிய ஏற்பாடு, 1 கொரிந்தியர் 15:4-இல் ‘ரோஸ்’ என்பதை நீக்கி, எழுப்பப்பட்டிருக்கிறார் என்னும் பொருளில் ‘ஹாத் பீன் ரெய்ஸ்ட்’ என்று மாற்றியது. 1989-இன் புதிய திருத்திய நியம மொழிபெயர்ப்பு மத்தேயு 28:6-ஐயும் இவ்வாறே செயப்பாட்டு வினையாக்கிற்று. எழுப்பியவர் பிதா என்பது அப்போஸ்தலர் 2:24-இல் பேதுரு அறிவித்த நற்செய்தி. எனினும் மத்தேயு ஆண்ட கிரேக்கச் சொல் வடிவால் செயப்பாட்டு வினையாயினும், எழுந்தார் என்னும் தன்வினைப் பொருளையும் ஏற்கும். யோவான் 10:18-இல் ஆண்டவர் தம் ஜீவனை மறுபடியும் எடுத்துக்கொள்ளத் தமக்கு அதிகாரம் உண்டென்கிறார். ஆகவே வினைவடிவம் ஒன்றை மட்டும் கொண்டு இவ்வழக்கைத் தீர்த்தல் இயலாது. திருமறையின் முழுச் சாட்சியையும் கேட்டல் வேண்டும்.

5. மூன்று காலங்கள், ஒரே வடிவம்

இனி நாம் தொடங்கிய இடத்துக்குத் திரும்புவோம். ‘ஆர் சேவ்ட்’ என்னும் வடிவம் 1611-இல் முடிந்த செயலின் நிலைத்த பயனையும் குறிக்கலாம். நிகழ்காலச் செயப்பாட்டையும் குறிக்கலாம். எபேசியரின் நிறைவுகாலத்துக்கு அது ஓரளவு பொருந்தியது. கொரிந்தியரின் நிகழ்கால எச்சத்துக்கோ, இரட்சிக்கப்பட்டுக்கொண்டிருக்கிற என்னும் பொருளை ஐயமறத் தரும் வடிவம் தேவைப்பட்டது. இன்றைய ஆங்கிலத்தில் அது ‘ஆர் பீயிங் சேவ்ட்’ என்பதாம். ஆனால் இத்தொடர்நிலைச் செயப்பாட்டு வடிவம் பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில்தான் ஆங்கிலத்தில் எழுந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டிலும் இலக்கணியர் சிலர் அதனை அழகற்றதென்று வெறுத்தனர். 1611-இல் ஆலயம் கட்டப்பட்டு வருகையில் என்று கூறுவதற்கே, 1 இராஜாக்கள் 6:7-இல், ‘இன் பில்டிங்’ என, கட்டுதலில் இருந்தபோது எனப் பொருள்படும் சுற்றுவழியை நாடினர். பவுல் கூறியதைத் தெளிவுறக் கூறும் வினைவடிவம் அம்மொழியில் இன்னும் பிறக்கவில்லை என்பதே உண்மை.

1871-இல் கேம்பிரிட்ஜ் அறிஞர் ஜே. பி. லைட்ஃபுட், புதிய ஏற்பாட்டைத் திருத்தவேண்டியதன் தேவை குறித்து ஒரு நூல் வெளியிட்டார். பொது இறந்தகாலமும் நிறைவுகாலமும் குழம்பிக் கிடப்பதை அவர் அதில் எடுத்துக்காட்டினார். அவரும் வெஸ்ட்காட், ஹார்ட் ஆகியோரும் பணியாற்றிய குழுவின் திருத்தம் 1881-இல் வெளியானபோது, மூன்று இடங்களும் மூன்று வடிவங்கள் பெற்றன. எபேசியரில், இரட்சிக்கப்பட்டிருக்கிறீர்கள், உரோமரில், இரட்சிக்கப்பட்டோம், கொரிந்தியரில், இரட்சிக்கப்பட்டுக்கொண்டிருக்கிற நாம் என்னும் பொருள்கள் வெளிப்பட்டன. கிரேக்கக் காலங்களுக்கு ஆங்கிலக் காலங்களை இயந்திரம்போல் ஈடுவைத்தமையால் அத்திருத்தம் பல இடங்களில் விறைத்த நடையுடையதாயிற்று என்னும் குறையும் உண்டு. ஆயினும் இவ்விடங்களில் அது செய்த தொண்டு பெரிது.

நம் பழைய தமிழ்த் திருமறையை இவ்விடங்களில் ஒப்பிட்டால் ஓர் உண்மை புலனாகும். எபேசியர் 2:8-இல் ‘இரட்சிக்கப்பட்டீர்கள்’. உரோமர் 8:24-இல் ‘இரட்சிக்கப்பட்டிருக்கிறோம்’. 1 கொரிந்தியர் 1:18-இல் ‘இரட்சிக்கப்படுகிற’. முதலிரண்டும் கிரேக்கத்தோடு இடம்மாறி நிற்பினும், மூன்றாவது மூலத்தின் நிகழ்காலத்தை அப்படியே காட்டுகிறது. 1611-இன் ஆங்கிலம் காட்ட இயலாத ஒன்றைத் தமிழ் எளிதிற் காட்டியது. ஆங்கிலத் திருமறையே மூலத்துக்கு அணித்தானது, தமிழ் அதன் நிழல் என்று நம்மில் சிலர் உள்ளூரக் கொண்டிருக்கும் எண்ணம் களையத்தக்கது.

முடிவுரை

இவையெல்லாம் சொல்லாராய்ச்சி, ஆன்மாக்களுக்கு இதனால் பயன் என்ன என்று வினவலாம். ‘நீ இரட்சிக்கப்பட்டாயா?’ என்னும் கேள்வி நம் சபைகளில் எத்தனை உள்ளங்களைக் கலக்கியிருக்கிறது என்பதைப் போதகர் அறிவர். முடிந்துபோன ஒரு நாளையும் நாழிகையையும் சுட்டிக்காட்ட இயலாதவர் தம்மைத் தள்ளுண்டவராக எண்ணி வருந்துகின்றனர். அந்நாளைச் சுட்டக்கூடியவர் சிலரோ, இனி நடக்கவேண்டியது ஒன்றுமில்லை எனச் சோர்ந்திருக்கின்றனர். பவுல் இரு திறத்தாருக்கும் விடையளித்திருக்கிறார். இரட்சிப்பு தேவன் செய்து முடித்த செயல். அதன் பயன் நிலைத்திருக்கிறது. அது நம்மில் இன்னும் நடைபெற்றுக்கொண்டும் இருக்கிறது. மூன்றையும் ஒரே வடிவில் வாசித்துப் பழகிய போதகர் மூன்றில் ஒன்றை மட்டுமே சபைக்குக் கொடுப்பார்.

ஆகவே, ஆங்கிலத் திருமறையில் ஒரு வினைவடிவத்தின்மேல் அருளுரையைக் கட்டுமுன், அவ்வடிவம் மொழிபெயர்ப்பாளர் காலத்தில் என்ன பொருள் தந்தது என்று கேட்போமாக. மூலத்தில் அங்குள்ள காலம் யாது என்று பார்ப்போமாக. நம் தமிழ்த் திருமறை அதனை எவ்வாறு கூறுகிறது என்று ஒப்பிடுவோமாக. இதற்கு மிகுந்த நேரம் வேண்டுவதில்லை. கலங்கிய உள்ளத்தோடு ஆலயத்தின் கடைசி வரிசையில் அமர்ந்திருக்கும் ஒருவருக்கு, அந்தச் சிறு உழைப்பு அவர் கேட்கவேண்டிய சொல்லைக் கொண்டுவந்து சேர்க்கலாம்.